நாலாணிக்காரர்

அவருடைய சொந்தப் பெயர் கட்டட வேலையில் ஒருத்தருக்கும் தெரியாது. நாலாணி என்றால்தான் தெரியும். தளத்தில் குழாய் இறங்கவும் லிஃப்ட் வரவும் ஓட்டை விடுவார்கள் இல்லையா, அதன்மேல் பிளைவுட் பலகையைப் போட்டு மூலைக்கொன்றாக நாலு ஆணி அறைந்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. பலகைமேல் சிவப்புப் பெயிண்டில் 'கீழே குழி' என்றும் எழுதிவிடுவார்.

"என்னய்யா, மாடி கட்டுறியா, பெட்டி செய்யுறியா?" என்பார் மேஸ்திரி. பிறகு அந்தப் பலகையைக் கழற்ற வருகிறவன் கடப்பாரையோடு மல்லுக்கட்டி வாய்க்கு வந்தபடி திட்டுவான். இவர் சிரித்துக்கொண்டே போவார். திட்டு வாங்குவதில் மனுஷனுக்கு அப்படியொரு நிம்மதி.

வேலையை விட்டு நிற்கப்போகிற அந்தக் கடைசி வாரத்தில் அவருக்கு மச்சான் ஞாபகமாகவே இருந்தது. மச்சான் என்று ஆவதற்கு முன்னால் கூட்டாளி. இரண்டு பேரும் ஜோடித் தச்சர்கள். ஒருத்தன் பலகையைப் பிடித்தால் மற்றவன் அறைவான். ஆணிப் பை எப்போதும் மச்சான் இடுப்பில்தான். அடிக்கிற சத்தத்துக்குத் தோதாகப் பாடுவான். குரல் கண்ணராவி, ஆனால் நிறுத்தினால் வேலை ஓடாது. மழை பெய்த ஒரு நாள், "வாடா, எங்க வீட்ல சூடா ஏதாவது இருக்கும்" என்று கூட்டிப்போனான். கதவைத் திறந்தவள் அவன் தங்கச்சி. அடுத்த வருஷமே கல்யாணம். "என்னைப் பார்க்க வந்தியா, அவளைப் பார்க்க வந்தியா மாப்ளே?" என்று கடைசிவரை கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். அடடா, என்ன நாட்கள் அவை!

கடைசிவரை என்றால், நாலு வருஷம்தான். ஐந்தாம் மாடியில் ஒரு குழாய் ஓட்டையை இவர் பலகையால் மூடினார். ஆணிப் பை மச்சானிடம், மச்சான் மேல்மாடியில். 'வந்ததும் அடிச்சுக்கலாம்' என்று டீ குடிக்க இறங்கிவிட்டார். மேலே பலகை பற்றவில்லை போலிருக்கிறது. மச்சான் இறங்கி வந்து, சும்மா கிடக்கிறதென்று அந்தப் பலகையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான். பலகையைத் தூக்கினவன் கண்ணுக்குக் காலடிக் குழி எங்கே தெரியும்?

பலகை போட்டது யார் என்று விசாரித்தார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் முப்பது வருஷமாகத் திறக்கவே இல்லை.

மனைவியோ அண்ணன் நினைப்பு வந்தபோதெல்லாம், சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஆணி அடிக்காமப் போட்டுட்டுப் போனானே, அவன் கை விளங்காமப் போக!" என்பாள். இவர் அந்தக் கையால் பிசைந்து சாப்பிடுவார்.

கடைசி நாள் மதியம் அவரைக் கூட்டிப்போக அவள் மாடிக்கே ஏறி வந்தாள். மூன்றாம் மாடியில் எலக்ட்ரீஷியன் ஒருவன் தரையில் கிடந்த பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். சிவப்பு எழுத்தைச் சிமெண்ட் தூசி மூடியிருந்தது.

"எந்தப் புண்ணியவான்டா இப்படி அறைஞ்சு வச்சிருக்கான்? நகமே பேந்துபோச்சு!"

"நான்தான் தம்பி. தூக்காதே, கீழே மூணு மாடிப் பள்ளம்."

அவன் முகம் வெளுத்துப் பின்னால் நகர்ந்தான். அவள் குனிந்து நாலு ஆணியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கண்ணன் தூக்குன பலகையில ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல. அப்புறம் அடிச்சுக்கலாம்னு வச்ச பலகை அது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கீழ டீ குடிச்சிட்டு இருந்ததாத்தானே சொன்னீங்க?"

"போட்டுட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். ஆணிப் பை அவன்கிட்ட இருந்துச்சு."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எலக்ட்ரீஷியன் மெல்ல இறங்கிப் போய்விட்டான். "அத்தனை தடவை திட்டுனேனே, ஒரு நாளாவது நிறுத்துடின்னு சொல்லக் கூடாதா?" என்றாள்.

"நீ திட்டுனது சரிதானே."

மறுநாள் மதியம் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"திட்டலையா?"

"ஆறிப் போகுது, சாப்பிடுங்க" என்று தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தேம்பித் தேம்பி அழுதார்.