மச்சானின் பிரஷரும் என் நோட்டுப் புத்தகமும்

அறுபதுகளின் தொடக்கத்தில், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மாதத்தில், திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மாடியிலிருந்த ஒரு டாக்டரின் அறையில் நடந்தது இது. நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். என் மனைவியின் அண்ணன் திருவெள்ளறைக்காரர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிரைவர். பதினான்கு வருடம் ஓட்டியதில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை.

பஸ் முதலாளி திடீரென்று ஒரு விதி கொண்டுவந்தார். நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள், ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதென்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கிவர வேண்டும். மாத முடிவுக்குள் வாங்காதவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஷெட்டில் பஸ் கழுவலாம்.

“கழுவுறதுக்கா மாப்ளே நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்?” என்றார் மச்சான். நான் கூட வருவதாகச் சொன்னேன். எதையும் நேரில் நின்று பார்த்து, குறித்து வைத்துக்கொண்டால்தான் எனக்குத் திருப்தி. என் தொழில் அப்படி.

முதல் நாள் பஸ் தாமதம். காவிரிப் பாலம் முழுக்க நின்றுகொண்டே வந்தோம். டாக்டர் கிளம்பிவிடுவாரே என்று மச்சானைப் படியில் ஓட வைத்தேன். இருபத்தாறு படிகள், செங்குத்தானவை. மூச்சு இரைக்க உட்கார்ந்தவரின் கையில் டாக்டர் பட்டையைச் சுற்றினார். நூற்று எழுபது, நூற்றுப் பத்து. “உப்பைக் குறைங்க, அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு வாரம் இருக்கிறதே! மச்சான் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அண்ணனுக்கு மட்டும் தனியாகச் சமைப்பானேன் என்று என் மனைவி எல்லாருக்குமே உப்பை நிறுத்திவிட்டாள். ஏழு நாள் உப்பில்லாத ரசம் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் பச்சைப் பூண்டு கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டுக்காரர் வந்து, அது கூடாது, வெந்தயம்தான் என்றார். இருவரும் வாசலில் நின்று வாதாடினார்கள். இதற்கிடையே மச்சானின் கண்டக்டர் என்னைச் சத்திரத்தில் பார்த்து, “அண்ணன் தயிர்சாதத்துக்கு எலுமிச்சங்கா ஊறுகாய் கேக்குறாரு, குடுக்கலாமுங்களா சார்?” என்று கேட்டான். மூன்று நாளாகக் கொடுத்துவிட்டு அனுமதி கேட்கிறான்!

இரண்டாவது முறை எதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். டாக்டர் எதிரில் காக்கியில் போய் நிற்க வேண்டாமென்று, என் கல்யாணத்துக்குத் தைத்த டெர்லின் சட்டையை மச்சானைப் போட வைத்தேன். ஆறு வருடத்துக்கு முந்தைய அளவு. கையைச் சுருட்டி மேலே ஏற்றியபோது புஜத்தைக் கயிறு மாதிரி இறுக்கியது. தைரியத்துக்குக் கீழே கடையில் காபி வாங்கிக் கொடுத்தேன். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். நடுவில், “ஒரு நிமிஷம், கீழ போயிட்டு வந்துடறேன் மாப்ளே” என்று சுண்டுவிரலைக் காட்டினார். முறை போய்விடும் என்று உட்கார வைத்தேன்.

டாக்டர் பம்ப்பை அழுத்தும்போது, அவர் தோளுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, “பதறாதீங்க மச்சான், அமைதியா இருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நூற்று எண்பத்திரண்டு, நூற்றுப் பதினான்கு. குறித்துக்கொண்டேன். மெஷின் பழசா என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடு வரும்வரை மச்சானோடு ஊறுகாய்ச் சண்டை.

மூன்றாவது முறை போனபோது மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. டாக்டர் வெளியே ஒரு கேஸுக்குப் போயிருந்தார். நடுத்தர வயது நர்ஸம்மா ஒருவர் இருந்தார். டாக்டர் வருவதற்குள் பார்த்து வைக்கிறேன் என்று மச்சானை உட்கார வைத்தார். அதே சட்டையைப் பார்த்தார்.

“இது என்னங்க, கைய இப்படிப் புடிச்சிருக்கு? கழட்டுங்க. காபி எப்ப குடிச்சீங்க?”

“இப்பத்தாங்க. மாப்ளே வாங்கிக் குடுத்தாரு.”

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

“முறை போயிடும்னு மாப்ளே…”

நர்ஸம்மா திரும்பி என்னையும், திறந்திருந்த என் நோட்டையும் பார்த்தார். “சார், நீங்க வராந்தாவுல இருங்க.”

“நான் கூட இருந்தாத்தான் அவருக்குத் தைரியம்” என்றேன்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க மாப்ளே. நீங்க நோட்டைத் தொறந்தாலே எனக்குப் பகீர்ங்குது. போலீஸ்காரரு வண்டிய ஓரங்கட்டிக் கேஸ் எழுதற மாதிரியே இருக்கு.”

வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றேன். கோபம் தாங்கவில்லை. விடுப்பு எடுத்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, கடைசியில் நான்தான் குற்றவாளியா? கதவிடுக்கில் பார்த்தேன். மச்சான் கீழே போய்விட்டு வந்து, பனியனோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை மேஜைமேல் கிடந்தது. பேச்சே இல்லை. நர்ஸம்மா எதையோ மடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் பட்டையைச் சுற்றினார். சற்று விட்டு இன்னொரு முறை பார்த்தார்.

கூப்பிட்டார். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. இரண்டு முறையும் ஏறக்குறைய அதுவேதான். என் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை போலிருக்கிறது. “உள்ள வந்து நில்லுங்க சார். நோட்டையும் எடுத்துக்குங்க” என்றார். நின்றேன். மறுபடி பம்ப்பை அழுத்தினார். என் கண்ணெதிரே பாதரசம் நூற்று ஐம்பத்தாறில் நின்றது.

அந்த எண்ணை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

டாக்டர் வந்ததும், யாரும் சொல்லாமலே வராந்தாவுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மச்சான் சர்ட்டிபிகேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இருபத்தாறு படியையும் மெதுவாக இறங்கினோம். மறுநாள் காலை ஒரு வேலையாக மச்சானின் துறையூர் வண்டியில் ஏறி, வழக்கம்போல் டிரைவருக்குப் பின்னால் உட்காரப் போனேன். மச்சான் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். “மாப்ளே, பின்னால காத்து நல்லா வரும், அங்க உக்காருங்களேன்.”

இன்று எங்கள் வீட்டில் யாருக்குப் பிரஷர் பார்த்தாலும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். எத்தனை என்று தெரிந்துகொள்ள மனம் இன்னமும் துடிக்கத்தான் செய்கிறது, ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்த்த எண்ணில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு என்னுடையது என்று அந்த நாளுக்குப் பிறகு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை.