தொட்டியடி நொச்சி

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டில் நான் விட்டுவிட்டு வந்தவற்றில் என் பெயரைச் சொல்லக்கூடியது ஒரு நொச்சி வேலிதான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் தெரிந்தால் தெரியட்டும்.

பின் எல்லைக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். எல்லையில் பூவரசுகள் அடர்ந்து நின்றன. யுத்தம் கொழும்புக்குள்ளும் வந்த பிறகு, தண்டவாளத்தோரம் மணல்மூட்டை அடுக்கிக் காவலரண் ஒன்று போட்டார்கள். ஆள் பதுங்கலாம் என்று சொல்லி, அத்தனை பூவரசையும் ஒரே காலையில் வெட்டிச் சாய்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் அடுப்படி வாசலும் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியும் காவலரணுக்கு நேரெதிரே கிடந்தன.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்த உறவினர்களோடு வீட்டில் பதின்மூன்று பேர். உள்ளே குளியலறை ஒன்றுதான்; அதிலும் குழாய்த் தண்ணீர் நூலாகத்தான் வரும், தலைக்கு முழுகக் காணாது. பெண்களெல்லாம் தொட்டியடியில் குறுக்குக்கட்டோடு முழுகிப் பழகியவர்கள். சிப்பாய்கள் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் கண் கண்தானே. என் பதினேழு வயது மகள் தொட்டியடிக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

"அம்மா, நான் மாமி வீட்டை போய் முழுகிப்போட்டு வாறன்."

மாமி என்பது கொட்டாஞ்சேனையில் இருந்த என் மச்சாள். தலைக்கு முழுக ஒரு பிள்ளை ஞாயிறுதோறும் பஸ் ஏறி, வழியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, நகரத்தின் மறுமுனைக்குப் போய் ஈரத்தலையோடு திரும்பினாள். ஒருநாள் ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் நிறுத்திவைத்துவிட்டார்கள். நான் ஒழுங்கை வாசலில் நின்று செத்துப் பிழைத்தேன். பயத்தைவிட வெட்கம்தான் என்னைத் தின்றது. பெற்ற பிள்ளை முழுக ஒரு மறைப்புக் கட்டித்தர வக்கில்லாத தாய்!

என் கணவர் எங்கிருந்தோ, ஊரில் உயிர்வேலிக்கு நடும் கிளுவைக் கதியால்கள் கொண்டுவந்து எல்லையில் நட்டார். பாதி கொழும்பு மழையில் அழுகியது. மீதி தழைத்து நிமிர்ந்தபோது காவலரண் கோப்ரல் வந்தார். தண்டவாளம் முழுவதும் தெரியவேண்டும், எல்லையில் இடுப்பளவுக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது என்று சொல்லி வெட்டுவித்தார். நான் வைத்த செவ்வரத்தைச் செடி இடுப்பளவைக்கூட எட்டவில்லை. உப்புக்காற்றில் இரண்டே வாரத்தில் பொரிந்துபோனது.

எனக்குக் கோபம் வந்தால் கால் சும்மா இராது. கடற்கரை ஒழுங்கைகளில் ஏறி இறங்கி, எந்த மதிலோரம் எது கருகாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். நாலு விதத் தடிகளை வாங்கிவந்து, பழைய பெயின்ற் வாளிகளில் நட்டு, பின்பக்கம் காற்று அறையும் இடத்தில் ஒரு மாதம் வைத்தேன். மூன்று செத்தன. ஒரு சிங்கள அம்மா 'நிக' என்று சொல்லி முறித்துத்தந்த நொச்சி மட்டும் துளிர்த்தது. வெட்ட வெட்டத் தழைக்கும், ஆடு மாடும் வாய்வைக்காது. செடியைக் கண்டுபிடித்துவிட்டேன்; ஆனால் இடுப்பளவு வேலி யாரை மறைக்கும்?

எங்கள் ஆட்களுக்கு வேலி என்றால் எல்லையில்தான். ஓரங்குலம் உள்ளே தள்ளினால் பக்கத்துக் காணிக்காரன் பிடித்துவிடுவான் என்று பரம்பரையாகக் கோர்ட் ஏறியவர்கள். நானும் அதே இரத்தம்தான். அந்தக் கோட்டைவிட்டு என் புத்தி அசையவே இல்லை. ஒருநாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: மறைக்கவேண்டியது எல்லையை அல்ல, தொட்டியை.

"வேலியை உள்ளுக்குப் போட்டா வெளியில கிடக்கிற நிலம் ஆரின்ர?" என்று கணவர் துள்ளினார்.

"இது வாடகை வீடப்பா. ஆர் வந்து பிடிக்கப் போகினம்? ரயிலோ?"

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானே கயிறு பிடித்து, எல்லையில் நேர்கோடாக இடுப்பளவு நொச்சி ஒன்று வைத்துக்கொண்டார். அது அவருடைய மனநிம்மதிக்கு. நான் கோப்ரலிடம் போய், கடைக்குப் போய்வரப் பழகிய என் சிங்களத்தில் தொட்டியைக் காட்டிக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பாராமல், அங்கே எவ்வளவு உயரம் என்றாலும் பரவாயில்லை என்றார். தொட்டியைச் சுற்றி அரைவட்டமாக இரண்டு வரிசை நட்டேன். முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசைச் செடி வரும்படி வைத்தேன். ஆனி, ஆடிக் காற்றில் இலையெல்லாம் கொட்டியது. வீட்டில் எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் தினமும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டேன். அடுத்த வருடம் தைப்பொங்கலுக்கு வேலி என் தலைக்கு மேல் நின்றது.

ஆனாலும் மகள் நம்பவில்லை. "அங்கால நிண்டு பாத்தால்தான் தெரியும்" என்றாள்.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிறு காலை அவளைத் தொட்டியடியில் விட்டேன். சுற்றிப்போய்த் தண்டவாளத்தோரம் நடந்து, மணல்மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காவலுக்கு நின்றவர் திகைத்துப் பார்த்தார். என் வீட்டை முதல்முறையாக அவருடைய இடத்திலிருந்து பார்த்தேன். அடுப்படிக் கூரை, கணவரின் இடுப்பளவு வேலி, அதற்கப்பால் சாம்பல்பச்சையாக ஒரே இலை. ஓட்டை ஒன்றுகூட இல்லை. இலைக்குப் பின்னால் வாளி தொட்டியில் இடித்தது. ஒரு வாளி, இன்னொரு வாளி என்று தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் நிற்கவே இல்லை.

"அம்மா! தெரியுதே?" என்று கத்தினாள்.

"ஒண்டும் தெரியேல்லை! நீ முழுகு!" என்று சிப்பாயின் காதருகே நானும் கத்தினேன்.

அந்த ஞாயிறு அவள் பஸ் ஏறவில்லை.