மிச்சம் விழுந்த ஸ்பிரிங்

என் மேசை இழுப்பறையில், காலாவதியான மாத்திரை அட்டைகளுக்கும் காம்பு உடைந்த மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங் கிடக்கிறது. சுண்டுவிரலில் மோதிரமாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. இத்தனை வருஷத்தில் துரு ஏறவில்லை. என் உடம்பிலிருந்து அன்றைக்கு வழிந்த வியர்வையில் ஊறியும் துரு ஏறவில்லை என்றால் அது சீமை இரும்பாகத்தான் இருக்க வேண்டும். என் மனைவி அதை ஒருமுறை குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டாள். வாசல் வரை ஓடிப்போய் முழங்காலிட்டுத் தேடி எடுத்து வந்தேன். "ஏன்னா, அது எதோட ஸ்பிரிங்?" என்று கேட்டாள். தெரியாது. அதை அந்த வண்டியில் எங்கே பொருத்த வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் என் சட்டைப் பையில் இருந்த ஒரு காலை வேளையில், நான் காவிரிப் பாலத்தின் மேல், கூரையில்லாத காரில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது மட்டும் நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் தென்னூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் பிரசவம். அவரிடம் ஒரு கார் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், தலைக்கு மேல் ஆகாயம். ரயில்வேயில் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது டாக்டரம்மாவின் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனதாம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வேகம் அதற்கு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய கேஸ் என்றால் டாக்டரம்மா ஓட்டுவார், நான் இடது பக்கத்து சீட்டில் மருந்துப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். பார்க்கிறவர்கள் நான் பையைப் பத்திரமாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். உண்மையில் பைதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளிலேயே இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ரகம் நான். ஆனால் அந்தக் கார் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் உயிரோடு பிறந்த குழந்தைகள் ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் எத்தனையோ பேர். அதனால் வாயைத் திறந்ததில்லை. காற்று உள்ளே போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

ஒரு மழைநாளில் டாக்டரம்மா சர்ச் படியில் வழுக்கி விழுந்து இடது முழங்கை முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு கையில் பலம் திரும்பிவிட்டது, ஆனால் முழுக்க நீட்ட வரவில்லை. அந்தக் காரின் கியர் தடியோ நீளமானது. முதல் கியருக்கு அதை ஓட்டுபவரைவிட்டு விலக்கி, முன்னால் எட்டித் தள்ள வேண்டும். டாக்டரம்மாவுக்கு எட்டவில்லை. இரண்டாவது கியரிலேயே கிளப்ப ஆரம்பித்தார். வண்டி குளிர்ஜுரம் வந்த நோயாளி மாதிரி நடுங்கும், எரிந்த நாற்றம் வரும், நடுத்தெருவில் நின்றுவிடும். ஒரு பிரசவ கேஸுக்குப் போகும்போது அப்படி நின்று, கடைசியில் குதிரைவண்டி பிடித்துப் போனோம். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள், ஆனால் திரும்பி வரும்போது டாக்டரம்மா தன் இடது கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விஷயம் அவருடைய அண்ணன் காதுக்குப் போயிற்று. தஞ்சாவூரில் வக்கீல், கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். தன் அம்பாசிடரில் வந்து இறங்கி, "பாப்பா, போதும். காரை வித்துடு, கிளினிக்க மூடு, எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, வந்துடு" என்றார். ஐம்பதை நெருங்கும் டாக்டரம்மாவை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். தங்கை மேல் பிரியம்தான். ஆனால் அந்த மாடிக்குப் போனால் டாக்டரம்மா டாக்டரம்மாவாக இருக்க மாட்டார், வக்கீல் வீட்டு மாடியில் இருக்கிற ஒரு அத்தையாக இருப்பார். அது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தில் கார் பட்டறையில் வேலை பார்த்த டாக்டரம்மாவின் அக்கா மகன் ஒரு பார்சல் அனுப்பினான். உள்ளே ஒரு குட்டைக் கியர் தடி, அதன் தலைக்கு நெல்லிக்காயைவிடப் பெரிதாக, எலுமிச்சையைவிடச் சின்னதாக ஒரு கறுப்புக் குமிழ். அங்கே ரேஸ் பைத்தியம் பிடித்த பையன்கள் இதை வாங்கித் தங்கள் காரில் மாட்டிக்கொள்வார்களாம். தடியின் நடுவே அச்சுபோல இருக்கிற உருண்டைக்கு மேலே நீளம் குறைவு, கீழே அதிகம். கை ஒரு சாண் போக வேண்டிய இடத்தில் நாலு விரல் போனால் போதும், ஆனால் அழுத்தித் தள்ள வேண்டும். "தள்ற பலம் இருக்கு கம்பவுண்டரே, எட்டத்தான் மாட்டேங்குது" என்று குமிழைக் கையில் உருட்டியபடி டாக்டரம்மா சொன்னார். அண்ணனிடமும் பேசி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்த் திரும்ப வேண்டும். பின்னாலேயே அண்ணன் அம்பாசிடரில் வருவார். போலீஸ் கை காட்டினால் ஒழிய வழியில் எங்கே நின்றாலும் சாவி அண்ணன் கைக்கு. எல்லாம் சரி. "பக்கத்துல நம்ம கம்பவுண்டர் உக்காருவார்" என்றும் பேசி முடித்திருந்தார். அதை என்னிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

தடியை மாற்ற அரியமங்கலத்துக்குப் போனோம். அங்கே பட்டறை வைத்திருந்த பாய் லாரி வைத்தியத்தில் பெயர் போனவர். பார்சலைப் பிரித்துப் பார்த்து, "என்னம்மா இது, லாரிக்குப் பல்லு குத்தக்கூட பத்தாது" என்று சிரித்தார். நானோ வந்ததிலிருந்து சிரிக்கிற நிலையில் இல்லை. பாய் குமிழைத் திருகி எடுத்து, தோல் உறையை உரித்து, தகட்டைக் கழற்றி, பழைய தடியை உருண்டையோடு வெளியே இழுத்ததும் அங்கே ஒரு கறுப்பு ஓட்டை தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு ஆபரேஷன் நினைப்பு வந்துவிட்டது. "கம்பவுண்டரே, துணி போட்டு மூடுங்க, உள்ள எதுவும் விழக்கூடாது." நான் வெள்ளைத் துணியால் ஓட்டையை மூடினேன். கழற்றியதையெல்லாம் தட்டில் வரிசையாக அடுக்கினேன். புதுத் தடி இறங்கியது, தகடு ஏறியது, குமிழ் உட்கார்ந்தது. தோல் உறைதான் பழைய தடிக்கு வெட்டியது, குட்டைத் தடியைச் சுற்றித் தொளதொளவென்று வாய் பிளந்து நின்றது. அப்புறம் தட்டைப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் பாக்கி.

"பாய், இது மிச்சம் இருக்கே!"

"புது சாமான்ல அது தேவப்படாது சாமி." குரலில் இருந்த உறுதி கண்ணில் இல்லை.

"தேவையில்லாமலா வெள்ளைக்காரன் வெச்சான்?"

டாக்டரம்மா என் கையிலிருந்த ஸ்பிரிங்கை எட்டிப் பார்த்தார். "உள்ள விட்டுட்டுத் தைச்சாத்தான் தப்பு. வெளிய மிச்சம் இருந்தா நோயாளி பொழச்சுக்குவான். எதுக்கும் பாக்கெட்ல வெச்சுக்குங்க." வைத்துக்கொண்டேன். திரும்பும்போது மூன்றாவது கியரில் தடியிலிருந்து 'டகடகடக' என்று ஒரு சத்தம் வந்தது. டாக்டரம்மா காது கொடுத்துக் கேட்டார். "உங்க பல்லா, வண்டியா?" என்றார். இரண்டும்தான்.

சனிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீடு ஸ்ரீரங்கத்தில். பெருமாள் கோவில் கைங்கரியக் குடும்பத்திலிருந்து வந்தவள் என் மனைவி. ஞாயிறு காலை பெருமாளுக்குச் சாத்திக் களைந்த துளசி மாலை ஒன்றை வாழையிலையில் சுற்றிக் கொடுத்து, "கியர் கம்பியிலே கட்டிடுங்கோ, அவர் பாத்துப்பார்" என்றாள். இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் ஊரில் கியர் தடியில் பூ சுற்றாமல் எந்த பஸ் டிரைவர் வண்டி எடுத்திருக்கிறார்? டாக்டரம்மா கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டிருந்தார். நான் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், துளசி மாலையைத் தடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். யாராவது ஒருவருக்காவது என் மேல் இரக்கம் வராதா? டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கட்டுங்க, வாசனையா இருக்கு" என்றார். பஸ்ஸின் தடி இடுப்பு உயரம், பூ மேலேயே நிற்கும். எங்களுடையது இப்போது ஒரு சாண். எனக்கு உறைக்கவில்லை. பயந்தவன் கைக்கு முடிச்சுப் போடத்தான் தெரியும், உயரம் பார்க்கத் தெரியாது.

முதல் கியர் 'டக்' என்று விழுந்தது. கிளினிக் வாசலிலிருந்து வண்டி நடுங்காமல் புறப்பட்டபோது டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பெண்ணின் முகம். நான் என் முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ள முயன்றேன், அது வேறு எங்கேயோ போய்விட்டிருந்தது. சத்திரம் பஸ் நிலையத்துக் கூட்டத்தில் முதல், இரண்டு, முதல், இரண்டு என்று கை நாலு விரல் தூரத்துக்குள்ளேயே விளையாடியது. பின்னால் அம்பாசிடர் நிழல் மாதிரி வந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கப் பாலம் தாண்டி, மாம்பழச் சாலை தாண்டி, அப்போது இன்னும் மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தின் முன்னால் நிற்காமலே வளைத்துத் திருப்பினார். ஓரத்தில் என் மனைவி கை கூப்பி நின்றாள். கோபுரத்தைக் கும்பிட்டாளா, என்னைக் கடைசியாக ஒரு தடவை கும்பிட்டாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

திரும்பும்போது பாலத்தின் நடுவே ஒரு வைக்கோல் வண்டி. டாக்டரம்மா இரண்டாவதுக்கு இறங்கினார். மாட்டுக்காரன் ஓரம் கட்டினான். தாண்டிப் போனோம். மூன்றாவதுக்குப் போக வேண்டும். தடி அசையவில்லை. மறுபடி தள்ளினார். குமிழைப் பிடித்த விரல்கள் வெளுத்தன, தடி கல்லாக நின்றது. என்ஜின் ஊளையிட ஆரம்பித்தது. நான் குனிந்து பார்த்தேன். மாலை சரிந்து, வாய் பிளந்த தோல் உறைக்குள் இறங்கி, துளசியும் வாழைநாருமாக முறுக்கிக்கொண்டு, தடி முன்னால் போக வழியில்லாமல் ஆப்பு வைத்ததுபோல இறுகியிருந்தது. பின்னால் அண்ணனின் ஹாரன். இடது பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஆடி வெள்ளம். நின்றால் சாவி போயிற்று. நிற்காமல் இப்படியே போனால் என்ஜின் வெடித்து நான் போய்விடுவேன் என்று நம்பினேன்.

"நிறுத்திடுங்கம்மா!"

"நிறுத்த மாட்டேன். கம்பவுண்டரே, கட்டு வெட்டற கத்தரிக்கோல் இருக்கா?"

இருந்தது. கம்பவுண்டர் சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் அது இருக்கும். அதை எடுக்கும்போது ஸ்பிரிங் விரலில் குத்தியது. இது இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று ஒரு நினைப்பு. ஸ்பிரிங்குக்கும் மாலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் சம்பந்தம் இருந்தது. தலையைக் கீழே விட்டேன். என் காதுக்கு ஒரு விரல் தள்ளி அந்த இரும்பு அதிர்ந்தது, சூடான எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது, சாலை எங்கே, ஆறு எங்கே என்று தெரியவில்லை. முதல் வெட்டு என் வேட்டியில் விழுந்தது.

மேலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. ஊசிக்குப் பயந்து அழுகிறவர்களிடம் பேசுவாரே, அதே குரல். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். மூச்ச நல்லா இழுத்து விடுங்க... ஆங், அப்படித்தான்." எத்தனை ஆயிரம் பேரிடம் அதை அவர் சொல்லக் கேட்டுப் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்! மூச்சை இழுத்தேன். விட்டேன். நார் அறுந்தது. மாலையைப் பிடுங்கி நிமிர்ந்தேன், 'டக்' என்று மூன்றாவது விழுந்தது, வண்டி முன்னால் பாய்ந்தது, என் கையிலிருந்த மாலையைக் காற்று பறித்துக்கொண்டு போயிற்று.

அது அப்படியே போய் அம்பாசிடர் கண்ணாடியில் அப்பியது. வக்கீல் துடைப்பானைப் போட, நார் அதில் சுற்றிக்கொள்ள, கண்ணாடி முழுக்கப் பச்சைத் துளசி. நான் திரும்பிப் பார்த்தபோது பாலத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தது அவருடைய வண்டி. வைக்கோல் வண்டிக்காரன் அதற்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

கிளினிக் வாசலில் டாக்டரம்மா இறங்கி நெடுநேரம் கழித்துத்தான் அண்ணன் வந்தார். சட்டையில் துளசி இலை. வேர்த்து வழிந்தார்.

"என்னண்ணே, பாலத்துல நின்னுட்டீங்க? சாவிய இங்க குடுத்துட்டு பஸ்ல போறீங்களா?"

வக்கீல் தங்கையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், வெட்டுப்பட்ட என் வேட்டியைப் பார்த்தார். "பாப்பா, பெருமாளையே துணைக்கு வெச்சு ஜெயிச்சிருக்க. மாதாவுக்குத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான், மாடியைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

அவர் போன பிறகு நான் டாக்டரம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிய டம்ளர் அவர் கையில் தளும்பித் தரையில் கொட்டியது. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "எனக்கும்தான் கம்பவுண்டரே. நான் பல்லக் கடிச்சுக்குவேன், உங்களுக்கு அது அடிச்சுக்குது. வேற வித்தியாசம் இல்ல." இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பயமே தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவன் நான் ஒருவன்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே டம்ளரில் போயிற்று.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் கார் ஓடியது. மொட்டையாக நின்ற கோபுரம் எழும்பி முடிந்த பிறகும்கூட ஓடியது. மூன்றாவது கியரில் தடி டகடகவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த அக்கா மகன் சத்தத்தைக் கேட்டு, இங்கே ஒரு ஸ்பிரிங் இருந்திருக்கணுமே, போட்டுத் தரேன் என்றான். எங்கே என்று நான் கேட்பதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டார். "வேண்டாண்டா, அது நம்ம கம்பவுண்டர். அவர் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு." நான் வேறு வேலைக்குப் போன பிறகும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கடைசிவரை ஓட்டினார் என்று சொன்னார்கள்.

போன மாதம் என் மகன் புதுக் கார் வாங்கினான். கியரே கிடையாதாம், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ஸ்ரீரங்கம் போய் வரலாம் என்று கூட்டிப்போனான். புறப்படும் முன் இழுப்பறையைத் திறந்து ஸ்பிரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாலத்தின் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. கண்ணாடி ஏற்றியிருந்தான், காற்று இல்லை, என்ஜின் இருக்கிறதா என்றே தெரியவில்லை. "பயமா இருக்காப்பா?" என்றான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவு நிசப்தத்தில் டகடகவென்று எனக்கே தெளிவாகக் கேட்டது. பைக்குள் கையை விட்டு அந்த ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.