நிரலில் ஊதிய சங்கு

அடுத்தவர் எழுதிய கணினி நிரலைத் திறந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திண்டிவனத்தில் ஒரு கல்லூரிக்கு வாரம் ஒருமுறை போய் வகுப்பெடுக்கிறேன். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் எழுதுங்கள், ஐந்து இடத்தில் காப்பியடித்து ஒட்டாதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். ஒரு மாணவனின் வேலையைத் திரையில் போட்டு, "இது புரோகிராமா, கொத்து புரோட்டாவா?" என்று வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன்.

அதே நான் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்த மென்பொருளில், நோயாளியின் நிலையைச் சரிபார்க்கும் வரிகள் ஐந்து இடத்தில் கிடந்தன. அவசரத்தில் ஒட்டியவை. 'ரிப்போர்ட் தயார்', 'டாக்டர் பார்க்கிறார்' என எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியாக வந்து விழும் வரியில், இங்கே எவன் வரப்போகிறான் என்ற திமிரில், 'சங்கு' என்று அடித்து வைத்தேன். நிரல் இங்கே வந்தால் கதை முடிந்தது என்று எனக்கு நானே செய்துகொண்ட கிண்டல்.

போன மாதம் சென்டர்காரர் 'மறுபடி எடுக்கணும்' என்று ஒரு புது நிலை கேட்டார். நான்கு இடத்தில் சேர்த்தேன். வீட்டாருக்குக் குறுஞ்செய்தி போகும் இடத்தை மறந்தேன்.

மறுநாள் பிரிண்டரைப் பார்க்க அங்கே போயிருந்தேன். ஒரு பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள். திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலை. கழுத்தில் கடையின் அட்டைகூட அப்படியே இருந்தது. படம் தெளிவாக விழாததால், மறுபடி எடுப்பதற்காக அவளுடைய அப்பா பெஞ்சில் காத்திருந்தார். தனியாக பஸ் ஏறி வந்தவர். போன் இல்லாததால் மகள் நம்பரைக் கொடுத்திருந்தார்.

"போன் ஒண்ணு வாங்குப்பான்னு எத்தினி வாட்டி சொன்னேன்!" என்று அவர் தோளில் அடித்து அழுதாள். என்னம்மா என்று அவர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவரை ஸ்கேனுக்கு உள்ளே கூட்டிப்போன பிறகுதான் சென்டர்காரரிடம் போனை நீட்டினாள். 'வணக்கம். தங்கள் தந்தையின் ஸ்கேன் நிலை: சங்கு.'

"கம்ப்யூட்டர் மிஸ்டேக்குமா," என்றார் சென்டர்காரர், என் பக்கம் திரும்பாமல்.

"கம்ப்யூட்டருக்கு சங்குன்னா என்னான்னு தெரியுமா சார்? யாரோ ஒரு ஆளுதான எழுதியிருக்காங்க. அவங்களுக்கு அப்பா இல்லியா?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவன், பிரிண்டர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன்.

பஸ்ஸில் வரும்போதே உறவுக்காரர்களுக்கெல்லாம் அழுது சொல்லியிருக்கிறாள். இப்போது வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "அழாத அத்த, அப்பா இருக்காரு... சித்தப்பா, கூட்டேரிப்பட்டுலயே எறங்கிடுங்க, மாலைலாம் வேணாம். அப்பா இருக்காரு."

ஸ்கேன் முடிந்து வந்த பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"ஏன் தம்பி, எம்பொண்ணு எல்லார்கிட்டயும் நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லிக்கினு இருக்குது?"

"தெரியலைங்க ஐயா," என்றேன்.