ஐந்தைத் தடு, ஒன்றை விடு

என் தங்கையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். மருத்துவமனையின் பின்பக்கப் பட்டறையில் காலுக்குத் தாங்குபட்டை செய்பவள் அவள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வார் வைத்து, முழங்காலின் இருபுறமும் எஃகுத் தகடு பொருத்தி, தகடு மடங்குவதற்குப் பக்கத்துக்கு ஒரு கீல் வைக்கிற வேலை. வாய்த்துடுக்கு அதிகம், வேலைச் சுத்தம் அதைவிட அதிகம்.

என் கணவர் முடிதிருத்துபவர். ஒரு விபத்துக்குப் பிறகு அவருடைய முழங்கால் பக்கவாட்டில் நழுவியது. நாற்காலியைச் சுற்றி நின்று வேலை செய்ய முடியாவிட்டால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். நேராகத் தங்கையின் பட்டறைக்கு அவரை அழைத்துப் போனேன்.

அத்தானுக்கு ஆயிற்றே என்று தங்கை பார்த்துப் பார்த்துச் செய்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். வழக்கமாக இரண்டு கீலையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பொருத்துபவள், இந்த முறை உள்பக்கத்துக்குத் தனியாக, வெளிப்பக்கத்துக்குத் தனியாக அளவெடுத்து, காலோடு ஒட்டினாற்போல் வளைத்துவிட்டாள். போட்டுப் பார்த்தால் கால் மடங்கவே இல்லை.

"என்னம்மா, பட்டை கேட்டா கம்பம் நட்டுட்ட?" என்றார் அவர்.

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தான்." பட்டையைக் கழற்றி, இரண்டு கீலின் துளைகளிலும் ஒரே கம்பியை நுழைக்கப் பார்த்தாள். போகவில்லை. சிரித்துவிட்டாள்.

"ஒரு பொருள் மூணு திசையில நகரலாம், மூணு விதமாத் திரும்பலாம். மொத்தம் ஆறு. இங்க அஞ்சைத் தடுத்து, மடங்குறதை மட்டும் விடணும். ஒரு கீலே அதைச் செஞ்சிடும். ரெண்டாவது அதே கோட்டுல இருந்தா தோள் குடுக்கும், இல்லைன்னா மல்லுக்கட்டும். பாசத்துல ஆறையும் பூட்டிட்டேன், அக்கா!"

கம்பி தடையில்லாமல் போகும்வரை தகடுகளைத் தட்டித் தட்டி வளைத்தாள். தப்பு தன்னுடையது என்று சொல்ல அவள் கூசவே இல்லை. அதற்காகவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவேன்.

அவர் எழுந்தார். முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது, பக்கவாட்டில் அசையவில்லை. பட்டறை முக்காலியைக் கடை நாற்காலியாக நினைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். நானும் கூடவே சுற்றினேன்.

"அக்கா, அத்தானை விடேன்."

அப்போதுதான் பார்த்தேன், அவருடைய முழங்கையை இறுகப் பிடித்திருந்தேன். விட்டேன். அவர் கவனிக்கவே இல்லை. அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.