குணம் அங்கிளின் டிவி லைசென்ஸ்

இன்று காலை என் வாசலில் ஒரு பெட்டி கிடந்தது. உருகிய பனிச்சேற்றுக்குள் குப்புறக் கிடந்தது. கொண்டுவந்தவர் மணியும் அடிக்கவில்லை, கதவும் தட்டவில்லை. ஒரு படம் எடுத்து என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டார். நான் முறைப்பாடு எழுதுவதில் பேர்போன ஆள். பிய்ந்த பால் பெட்டியிலிருந்து பிந்தி வந்த பஸ் வரைக்கும் எழுதியிருக்கிறேன். யாரோடும் சண்டை இல்லாத நாளில் எனக்குத் தலையிடி வரும் என்பது என் கணவரின் கண்டுபிடிப்பு. இன்றும் எழுத உட்கார்ந்தேன். ‘கதவைத் தட்டாமல்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. கதவு தட்டுவது என்றாலே எனக்குக் குணம் அங்கிள்தான் நினைவுக்கு வருவார்.

படிக்கிற காலத்தில் கியூபெக்கில், லாசால் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் சனி, ஞாயிறு வேலை செய்தேன். கருகிய கோப்பியும் ஈரக் கையுறையும் கலந்த ஒரு மணம் அந்தக் கடைக்கு. இப்போதும் குளிர்காலத்தில் மெட்ரோவுக்குள் அந்த மணம் வந்தால் என் கை தானாகத் துடைக்கிற துணியைத் தேடும். ஹீட்டரை ஒட்டிய மேசை எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுடையது. ஆளுக்கொரு கோப்பி வாங்கினால் மத்தியானம் வரைக்கும் எழும்ப மாட்டார்கள். மேனேஜர் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லும் விதத்திலேயே ‘எழும்புங்கோ’ என்பது இருக்கும். அவர்களுக்குக் கேட்காது.

அங்கே பேச்செல்லாம் பிரிட்டன் அரசியல்தான். ஏன் என்று கேட்கிறீர்களா? கியூபெக் அரசியலுக்குப் பிரெஞ்சு வேண்டும். இலங்கை அரசியல் என்றால் அடிபிடியில் முடியும். பிரிட்டன் என்றால் யாருக்கும் நோகாது. ஐரோப்பாவை விட்டுப் பிரிவதா இல்லையா என்று லண்டன்காரர்கூட அவ்வளவு கத்தியிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு பிரதமர் விழுந்தால் இங்கே மேசையில் கோப்பி சிந்தும், துடைப்பது நான்.

மேசைக்குத் தலைவர் செல்வராசா அங்கிள். காரை வித்தாலும் கருத்தை விடாத மனுசன். குணம் அங்கிளுக்கோ வேறு மதிப்பு. லண்டனில் இருந்து வந்தவர், தனி ஆள், வேறு போக்கிடம் இல்லை. வெள்ளிக்கிழமையே சேர்ட்டை அயர்ன் பண்ணி வைத்துவிடுவேன் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த மேசையில் அவர் உட்காரும் ஒரு கதிரைதான் அவருக்கு இந்த ஊரில் சொந்தம்.

அவரிடம் ஒரே ஒரு கதை இருந்தது. பிரிட்டனில் டிவி வைத்திருந்தால் பொது ஒளிபரப்புக்கென்று வருசா வருசம் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டாதவர் வீட்டுக்கு ஆள் வந்து கதவைத் தட்டும். அது நியாயமா என்று மேசையில் வாரம் தவறாமல் வழக்கு நடக்கும். “சனம் காசு கட்டினாத்தான் நியூஸ் நேர்மையா வரும்” என்பார் செல்வராசா அங்கிள். “பாக்கிறவன் கட்டட்டும், நான் ஏன் கட்ட வேணும்?” என்பார் குணம் அங்கிள். உடனே எல்லோரும், “சொல்லு லண்டன், அவங்கள் வந்த கதையைச் சொல்லு” என்பார்கள்.

“கதவைத் தட்டுறாங்கள். நான் டிவியை நிப்பாட்டி, லைற்றை நூத்துப்போட்டுக் கட்டிலுக்குக் கீழை. அந்த நேரம் பாத்துத் தும்மல் வருது பாருங்கோ!” மூக்கைப் பொத்திக்கொண்டு நடித்தும் காட்டுவார். எத்தனை தரம் கேட்டாலும் மேசை குலுங்கும்.

ஒரு கலியாணத்துக்கு லண்டனிலிருந்து செல்வராசா அங்கிளின் மச்சான் வந்தார். மேசைக்கும் வந்தார். கதை தொடங்கியது. தும்மல் வரைக்கும் வருவதற்குள் மச்சான் உற்றுப் பார்த்துவிட்டு, “நீ ஈஸ்ட்ஹாமில எங்கட மேல் அறையில இருந்த குணம் எல்லோ?” என்றார். “என்ன டிவி? உன்ர அறையில கட்டிலைத் தவிர வேறை ஒண்டும் இல்லையே!” மற்றவர்கள் பக்கம் திரும்பி, “உவருக்கு அப்ப விசா இல்லை. பக்கத்து அறைப் பெடியனை இமிக்கிரேஷன் பிடிச்சு இலங்கைக்கு அனுப்பினாப் பிறகு ஆர் தட்டினாலும் கட்டிலுக்குக் கீழைதான்.”

ஐயோ, மேசை சிரித்த சிரிப்பு! பழைய கதையைவிட இது அவர்களுக்கு இன்னும் ருசியாக இருந்தது. குணம் அங்கிளும், “ஓம் ஓம், அதுவும்தான்” என்று சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் அவர் முகம் சிரித்தபடியே இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவர் எந்தக் கருத்துச் சொன்னாலும் செல்வராசா அங்கிள் மேசைக்கு அடியில் கையை விட்டு டொக் டொக் என்று தட்டுவார். மற்றவர்கள் கட்டிலுக்குக் கீழே ஒளிவதுபோலத் தலையைக் குனிவார்கள். குணம் அங்கிளும் குனிந்தார். குனிந்தால்தானே கதிரை மிஞ்சும். அவரோ இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து வருசக்கணக்காகிறது. யாரும் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. அது மேசைக்கும் தெரியும். தெரிந்துதான் தட்டினார்கள். பெரிய மனுசர்கள், கோவிலில் முன்வரிசையில் நிற்பவர்கள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. காய்ச்சலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக என்னிடம் சூப் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். பரவாயில்லையே, நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நானும் மூடியை நன்றாக இறுக்கிக் கொடுத்தேன்.

சூப்போடு திரும்பி வந்தார்கள். சிரித்துச் சிரித்துச் செல்வராசா அங்கிளின் கண்ணில் தண்ணீர்.

“கதவை உடைக்கிற மாதிரித் தட்டி, ‘போலீஸ், இமிக்கிரேஷன்’ எண்டு இங்கிலீசில கத்தினன் பிள்ளை. உள்ளை லைற் எரியுது, கதவுக்குக் கீழாலை தெரியுது. உடனை நூத்துப்போட்டான்! பேந்து, டேய் நாங்கள்தான், நாங்கள்தான் எண்டு எவ்வளவு கூப்பிட்டம். திறக்கேல்லை.”

“ஏன் அங்கிள் அப்பிடிச் செய்தனீங்கள்?”

“சும்மா பகிடிக்குப் பிள்ளை.”

அந்தச் சூப்பை அவர்களே பங்கிட்டுக் குடித்தார்கள். சூடு ஆறிவிட்டதென்று என்னிடம் குறையும் சொன்னார்கள்.

குணம் அங்கிள் பிறகு வரவில்லை. வீட்டை விட்டே போய்விட்டார் என்று கேள்வி. எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. ஹீட்டர் பக்கத்துக் கதிரையில் அடுத்த சனிக்கிழமையே யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் கடையில் கதிரைகளே இல்லை. திரையைத் தொட்டு வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். பிரிட்டனில் இன்னும் அந்த லைசென்ஸ் சண்டை முடியவில்லை என்று போனில் பார்க்கிறேன். அதைப் பற்றிக் கத்துவதற்கு லாசாலில் ஆள் இல்லை. மேசைக்காரர் சிலர் செத்துப்போனார்கள், சிலர் பிள்ளைகளோடு டொராண்டோ போய்விட்டார்கள்.

செல்வராசா அங்கிளைப் போன கிழமை தமிழ்க் கடையில் கண்டேன். மனைவி இப்போது இல்லை. மகன்மார் வருவதில்லை. முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுக்கு யார் பிடிபடுவார்கள் என்று பார்த்து நின்றார். நான் பிடிபட்டேன்.

“மருந்துப் பெட்டியைக்கூட வெளியில வச்சிட்டுப் போறாங்கள் பிள்ளை. நேற்று முழுக்க மருந்து பனிக்குள்ளை கிடந்தது, எனக்குத் தெரியாது. ஒருத்தரும் கதவைத் தட்டுறேல்லை. ஒருத்தருமே தட்டுறேல்லை. நீ வடிவா எழுதுவாய் எண்டு சொல்லுறவை, எனக்கொரு கொம்ப்ளெயின் எழுதித் தாவன்.”

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோசம்தான் வந்தது, அதுவும் வயிறு நிறைய.

“பேந்து எழுதித் தாறன் அங்கிள்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று என் முறைப்பாட்டை முழுவதும் எழுதி அனுப்பிவிட்டேன். மத்தியானமே மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, இனிமேல் என் கதவைக் கட்டாயம் தட்டுவார்களாம். செல்வராசா அங்கிளுடையதை நான் எழுதப்போவதில்லை.