தையல் ஆறிய பிறகு

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் என் மகளை எடுத்தார்கள். மூச்சுத் திணறல் என்று உடனே ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் துணியில் சுற்றி என் கணவர் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரான நகரிக்குக் கொண்டுபோய் அவளை அடக்கம் செய்தபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னாள்: "கொழந்த எடைக்கு மேல எதையும் தூக்காதம்மா." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தும்மினால்கூட வயிறு பிளந்துவிடும் போலிருந்தது. நடு வயிற்றில் விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. தசை விலகியிருக்கிறது, பயிற்சி செய்தால் சேரும் என்று டாக்டரம்மா பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் ஒரு குழந்தை.

"மோகாலு மடக்கிப் படுங்கம்மா. மூச்சு விடும்போது தொப்புள உள்ள இழுங்க" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிக்கொடுத்த பெண், என்னிடம் வந்ததும், "பாப்பாவ ஊட்லயே உட்டுட்டு வந்தீங்களா?" என்றாள்.

தலையாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. இன்னும் வற்றாத பால் என் ரவிக்கையை நனைத்தது. பக்கத்துப் பாய்க்காரி பார்த்துவிட்டாள். "புள்ளைக்குப் பசி போலக்குதுக்கா. சீக்கிரம் போ" என்றாள் பரிவோடு.

வெளியே காத்திருந்த கணவரிடம் சொன்னேன். "இனிமே இங்க வாணாம். ஊட்லயே செய்யலாம்" என்றார்.

தினமும் மதியம் வீட்டில் ஓட்டும் விசைத்தறியை நிறுத்திவிட்டுப் பாய் விரிப்பார். என் பக்கத்தில் அவரும் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். "மூச்ச உடு. இப்ப இழு" என்பார்.

ஒருநாள் அவர் விட்ட மூச்சு அழுகையாக உடைந்தது. அதுவரை என் எதிரில் அவர் அழுததில்லை. ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். யார் துணையுமில்லாமல் எழுந்ததே பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறை டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, "பள்ளம் மூடிக்கினு வருதே, நல்லா செய்யிற" என்றார். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்து அழுதேன். என் மகள் என்னோடு இருந்த இடம் அது ஒன்றுதான்.

ஆனாலும் மறுநாள் தறிச் சத்தம் நின்றதும், நான்தான் பாயை விரித்தேன்.